பின்பலகையில் ஓர் ஓட்டை

1

எங்கள் பாய்ப்படகுக் கழகத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நமது வகைப் படகின் வடிவத்தைக் காலத்துக்கேற்ப மாற்றலாமா கூடாதா, இலையுதிர் காலப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு, மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால்தான் மாற்றம் என்று எழுதியிருந்தது. நானும் என் மகள் குழலியும் நனைந்த உடையோடு நின்று அதைப் படித்தோம். அவள் எனக்கு முன்பே முடித்துவிட்டு, ஆங்கிலத்தில் சொன்னாள்:

“இது தோற்றுப்போனால் அடுத்த வருஷம் நான் உங்களோடு வரமாட்டேன், அப்பா. எதிர்க்கரைக் கழகத்தில் ஒற்றையாள் படகு இருக்கிறது. அங்கே சேர்ந்துவிடுவேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. பேருந்தில் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற குரலில் சொன்னாள். அதுதான் எனக்கு உறைத்தது.

தென்காசிக்காரன் ஒருவனுக்குப் பாய்ப்படகுக் கழகத்தில் என்ன ஜோலி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் ஊரில் தண்ணீர் நம் மேல் விழும். இங்கே, இங்கிலாந்தின் வடக்கே இந்த ஏரிக்கரை ஊரில், நாம் தண்ணீர் மேல் விழுகிறோம். மற்றபடி சாரலும் ஒன்றுதான், மலையில் மேகம் படுத்துக் கிடப்பதும் ஒன்றுதான்.

‘வகை’ என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வரைபடத்தை வைத்து எல்லாரும் ஒரே மாதிரி படகு செய்துகொள்வது. ஒரே நீளம், ஒரே எடை, ஒரே பாய். போட்டியென்று வந்தால் கைத்திறமைதான் முந்தவேண்டும், காசுப்பை முந்தக் கூடாது. எங்கள் வகையை வரைந்தவர் போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் கோடு மட்டும் அசையாமல் நிற்கிறது. நல்ல படகு. ஒரே ஒரு குறை, கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிக்கொள்ளும். நிமிர்த்திவிடலாம், ஆனால் விளிம்புவரை தண்ணீரோடு தொட்டி மாதிரி நிற்கும். மீட்புப் படகு வந்து இழுத்துப் போகவேண்டும், பிறகு வாளியால் இறைக்கவேண்டும். இப்போது வருகிற படகுகளில் உள்தளத்தை உயர்த்தி, பின்பலகையில் திறப்பு வைத்துவிடுகிறார்கள். நிமிர்ந்து நாலு முழம் நகர்ந்தால் தண்ணீர் தானாக வடிந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் படகு எனக்கு ஏன் பெரிது என்றால், குழலி தமிழ் பேசுகிற ஒரே இடம் அதுதான்.

வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளியில் பெயர் வாயில் நுழையாமல் அவளை ‘லீ’ ஆக்கிவிட்டார்கள். அவளும் லீயாக இருக்கப் பழகிவிட்டாள். படகில் மட்டும் வேறு. நான் யாரிடமும் போய்ப் படகு ஓட்டப் படிக்கவில்லை. இந்தக் கயிறுகளுக்கு ஆங்கிலத்தில் இருக்கிற பெயர்கள் என் நாக்கில் தங்கவும் இல்லை. சின்னப் பிள்ளையாக அவளை ஏற்றியபோது ஊரில் வேன் ஓட்டியபோது பழகிய பாஷையில்தான் சொல்லிக்கொடுத்தேன். ‘இழு’, ‘தளத்து’, ‘ஒடி ஒடி’, ‘நேரா விடு’. பாயின் அடிக்கட்டை தலைக்கு மேல் வீசித் திரும்பும்போது ‘குனி’. படகுக்குள் மரியாதை கிடையாது என்பது எங்கள் சட்டம். ‘குனியுங்கள்’ என்று சொல்லி முடிப்பதற்குள் கட்டை மண்டையில் இறங்கிவிடும்.

அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டே மற்ற பேச்சும் வரும். காற்று செத்துப்போய் படகு நிற்கும்போது பள்ளிக் கதை, சினேகிதிச் சண்டை எல்லாம் உடைந்த தமிழில் வரும். ஒற்றையாள் படகில் அவள் யாரிடம் ‘இழு’ என்பாள்?

2

நான் இந்த நாட்டுக்கு வந்ததே என் மனைவி செல்வியின் பின்னால் தொற்றிக்கொண்டுதான். அவள் நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்தது, எனக்கு அவள் ஏற்கெனவே கிடைத்திருந்தாள். விசாத் தாளில் என் பெயருக்கு நேராக ‘சார்ந்திருப்பவர்’ என்று போட்டிருந்தார்கள். அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “வெள்ளைக்காரன் நல்லாத்தாம்ல எழுதிருக்கான், ஒன்னய நேர்ல பாத்த மாதிரி” என்றான்.

சீசனுக்குத் தென்காசி ஸ்டேஷனிலிருந்து அருவிகளுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். ஐந்தருவி வாசலில், ஈரத்துண்டோடு நிற்கிற ஜனத்துக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்தவன். இங்கே ஆளில்லாத மைதானத்தில் பின்னால் எடுக்கத் தெரியவில்லை என்று ஓட்டுநர் தேர்வில் ஒருமுறை தோற்கடித்தார்கள். ஆள் இருந்தால்தானே ‘வரலாம் வரலாம்’ சொல்வான்! பிறகு தேறினேன். நகரப் பேருந்து ஓட்டுகிறேன். கடைசி நிறுத்தம் ஏரிக்கரை. வண்டி திரும்பும்வரை பாய்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்படி நிற்கும்போது பழக்கமானவர்தான் கிரஹாம். தபால்காரர், கழகத்தில் பழைய ஆள். அவர் பேசுவது வடக்கத்தி ஆங்கிலம். லண்டன்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள், சென்னைக்காரர்கள் நம்மைக் கேட்டுச் சிரிப்பதுபோல. என் காதில் அது எப்போதும் நம் ஊர்த் தமிழாகவே விழுகிறது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

“சும்மா பாத்துக்கிட்டே நிக்கீரே, ஏறிப் பாரும் வே,” என்றார் ஒருநாள். அவர் தெருவில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இந்த வகைப் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அடியில் கோழிகள் குடியிருந்தன. கோழிகளுக்கு வேறு கூடு கட்டிக்கொடுத்துவிட்டுப் படகை எடுத்துக்கொள்ளலாம் என்றார் வீட்டுக்காரர். கட்டிக்கொடுத்தேன். பின்பலகையில் தமிழில் ‘கோழி’ என்று பெயரும் எழுதினேன். அதை வண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோன அன்று, ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்று நம் ஆட்கள் சொன்னதைக் கிரஹாமுக்குச் சொன்னேன். “ஏறும் ஏறும். எறக்குறதுக்குத்தான் நாலு ஆளு வேணும்,” என்றார்.

முதல் நாள் ஏரித் தண்ணீர் பனிக்கட்டிபோல் இருந்தது. நம் ஆளுக்கு என்ன தோன்றும்? தண்ணீரில் இறங்குமுன் எண்ணெய். நல்லெண்ணெயைச் சுடவைத்து உச்சி முதல் உள்ளங்கால்வரை அரக்கித் தேய்த்துக்கொண்டு போனேன். குளிர் அண்டவில்லை, சத்தியமாக. ஆனால் கயிறும் அண்டவில்லை. கையில் பிடித்த கயிறு பாம்பாக நழுவியது, நான் இருக்கையிலிருந்து நழுவினேன், படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகின் அடிப்பலகை மேல் ஏறி நின்று, சாய்ந்து இழுத்து நிமிர்த்தவேண்டும். ஏற ஏற வழுக்கினேன். கோவில் கொடையில் வழுக்குமரம் ஏறுகிறவன்கூட அவ்வளவு தடவை விழமாட்டான். கிரஹாம் மீட்புப் படகில் வந்து கையைப் பிடித்தார். கை வந்த வேகத்தில் போயிற்று.

“என்னவே பூசிருக்கீரு? இந்த ஏரி மீனுகூட இப்படி வழுக்காதே!”

கடைசியில் மிதவைச் சட்டையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். அப்புறம் கரையோரம் நிறுத்தி, ஆளுக்கொரு வாளியால் தண்ணீரை இறைத்தோம். இறைத்து முடிக்கும்போது அவருக்குக் குற்றாலம் தெரியும், எனக்கு அவர் பெண்டாட்டி பிள்ளைகள் பெயர் தெரியும். எங்கள் சிநேகம் வாளித் தண்ணீரில் முளைத்தது. ஒரு மாதம் கழித்தும் கோழியின் மேல்தளம் மினுமினுத்தது. என்ன வார்னிஷ் என்று இரண்டு பேர் ரகசியமாகக் கேட்டார்கள்.

3

தாள் ஒட்டியதிலிருந்து கழகத்தில் தேநீர்கூட இரண்டு கட்சியாகத்தான் குடித்தார்கள்.

மாற்றவேண்டும் என்கிற கட்சிக்கு மேகன் என்கிற இளம்பெண் தலைவி. பள்ளி ஆசிரியை. “வருஷத்துக்கு வருஷம் படகு குறைகிறது. பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். அருங்காட்சியகத்தையா நடத்தப் போகிறோம்?” என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த மே மாதம் போட்டி நடுவே நாங்கள் கவிழ்ந்தோம். தண்ணீர் நிரம்பிய கோழியில் குழலி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்க, மீட்புப் படகு எங்களைக் கட்டி இழுத்துப்போனது. எதிர்க்கரைப் பிள்ளைகள் தங்கள் படகுகளை ஒரு நொடியில் நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் போனார்கள். “லீ, குளியல் தொட்டியில் சோப்பு இருக்கிறதா?” என்று ஒருத்தி கேட்டாள். குழலி சிரித்தாள். கரையில் தண்ணீரை இறைக்கும்போது எதிர்க்கரைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

மறுகட்சிக்குக் கிரஹாம். “எங்கய்யா கையால செஞ்ச படகு வே. அதுல ஓட்டை போடணுங்காவ. படகுல ஓட்டை போடுததுக்குக் கூட்டம் போட்டு ஓட்டெடுக்குத ஆளுகள நீரு எங்கயாவது பாத்திருக்கீரா?”

நான்? நானும் கிரஹாம் கட்சிதான். சிநேகத்துக்காக மட்டும் இல்லை. எனக்கு ஒரு பயம் இருந்தது. புதிய பொருளில் லேசான படகு வரும். அது முன்னால் ஓடும். அடுத்த வருஷம் அதைவிட லேசாக ஒன்று வரும். வாங்க முடிந்தவன் முன்னால், மற்றவன் பின்னால். கோழிக்கூட்டிலிருந்து படகெடுத்து வந்த ஒரு வேன் டிரைவர் முதல் வருஷமே மற்றவர்களோடு ஒரே கோட்டில் நின்று புறப்பட முடிந்தது, இந்த வகை அன்றைக்கு இருந்தபடியே இருந்ததால்தான். எனக்குத் திறந்த கதவை நானே சாத்துவதா?

இதையெல்லாம் குழலியிடம் விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, “உங்களுக்கு வாளி பிடித்திருக்கிறது, அப்பா. அவ்வளவுதான்,” என்றாள்.

செல்வி கரையோடு நிற்கிற கட்சி. படகில் ஏறமாட்டாள். அடுப்படியிலிருந்து சொன்னாள்: “ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தண்ணி நிக்கிது. மொதல்ல அதை எறைங்க.”

4

ஆடியில் ஊருக்குப் போனோம். மேலகரத்தில் அண்ணன் வீடு. மதினி சீசனுக்கு ஐந்தருவியில் பழக்கடை போட்டிருக்கிறாள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்துவைத்து, சாக்குப் படுதாவுக்கு அடியில் உட்கார்ந்து, விலை கேட்டுவிட்டு நகர்கிறவர்களை முதுகுக்குப் பின்னால் விமரிசனம் செய்வது அவள் பொழுதுபோக்கு. கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டுக் குழலியைப் பெண்கள் பக்கம் அருவிக்கு இழுத்துப்போனாள். இரைச்சலை மீறி அவள் குரல் எனக்குக் கேட்டது.

“ஏட்டி, மொகத்தக் காட்டாத, முதுகக் குடு! கம்பியப் பிடிச்சுக்கோ! அப்பன மாதிரி எண்ணெயத் தேச்சுட்டு ஏரியில எறங்காத, இங்கன மட்டுந்தான் அது செல்லும்!”

என் எண்ணெய்க் கதை ஊருக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தது.

அந்த வாரம் எங்கள் தெரு அம்மன் கோவிலில் தேர். போய்ப் பார்த்தால் தேருக்கு இரும்புச் சக்கரம். அடியில் பிரேக். நான் பார்த்து வளர்ந்த தேருக்கு மரச்சக்கரம். ஓடுகிற தேருக்குக் குறுக்கே கட்டையைச் சொருகி நிறுத்துவார்கள். சொருகுகிறவரின் பெண்டாட்டி அன்று முழுக்கப் பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டாள். அண்ணன் தேர்க் கமிட்டியில் இருக்கிறான். பழையது எதையும் விடாதவன். வீட்டில் ஓடாத ரேடியோவைத் துணி போட்டு மூடிவைத்திருக்கிறவன். அவனா சம்மதித்தான்?

“லேசுல சம்மதிச்சாவளா ஒங்க அண்ணன்?” என்றாள் மதினி. “சக்கரத்த மாத்துனா அம்மன் எறங்கிப் போயிருவாங்காவ. அம்மன் என்ன சக்கரத்துலயா உக்காந்திருக்கா, மேலதான இருக்கான்னேன். ஒரு வாரம் எங்கிட்டப் பேசல.”

“பேசாம இருந்தது நல்லாத்தாம்ட்டி இருந்துச்சு,” என்றான் அண்ணன்.

“பெறவு என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“பெறவு என்ன. சண்டை வளந்துச்சு. ஒருத்தன் தேர உயரம் கொறைங்கான், கரண்டுக் கம்பி இடிக்காம். இன்னொருத்தன் பொக்லைன் வண்டிய விட்டுப் பின்னால தள்ளிருவோம்ங்கான், ஆள் கூப்பிடுத சோலி இல்லியாம். அப்பத்தாம்ல எனக்குப் பதறுச்சு. நான் எந்திரிச்சுச் சொன்னேன், சக்கரத்த மாத்திக்கோ, பிரேக்கு போட்டுக்கோ, எவன் காலும் நசுங்க வேண்டாம். ஆனா உயரம் ஒரு விரக்கடை கொறையப்படாது. வடத்த மனுசந்தான் இழுக்கணும். இது ரெண்டையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க, மத்ததுக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன்னு.”

“அன்னையிலருந்து வாயத் தொறக்காமதான் இருக்காவ,” என்றாள் மதினி.

தேர் புறப்பட்டது. குழலி வடத்தைப் பிடிக்கப் போனாள். அவளுக்கு முன்னும் பின்னும் தெருப் பெண்கள். ஒருத்தி திரும்பி, “லூசா பிடிக்காத, இழுட்டி!” என்றாள். இழு என்ற சொல்லைக் கேட்டதும் என் மகள் கால்களை ஊன்றி, முதுகைச் சாய்த்து, பாயை இழுக்கிற மாதிரியே இழுத்தாள். ஊர் கூடித் தேர் இழு என்பார்கள், இப்படி இழுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. “புள்ள நல்ல இழுவைக்காரியா இருக்காளே!” என்றார் பின்னால் நின்ற ஓர் ஆச்சி.

தேர் முக்கில் திரும்பும்போது பிரேக் பிடித்தார்கள். நின்றது. யாரும் கட்டையோடு குறுக்கே பாயவில்லை. குழலி கையெல்லாம் சிவந்து ஓடிவந்தாள்.

“பெரியப்பாவே வகையை மாற்றிவிட்டார், பார்த்தீர்களா!” என்றாள் ஆங்கிலத்தில். பிறகு மதினிக்காகத் தமிழில்: “எங்க அப்பா வாளியக்கூட விட மாட்டாங்க, பெரியம்மா.”

மதினி என் பக்கம் திரும்பினாள். “என்ன கொழுந்தனாரே, எது வாளி?”

படகுச் சண்டையை முழுக்கச் சொன்னேன். மங்குஸ்தான் ஒன்றை உடைத்துக் குழலியிடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள். “சரி, ஒங்க அண்ணன் ரெண்டு சொன்னாவ. நீங்க எதை விட மாட்டீங்க? அதைச் சொல்லுங்க.”

வாளி என்று சொல்ல வாய் வரவில்லை.

விமானத்தில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். குழலி என் தோளில் தலைசாய்த்துத் தூங்கினாள். அவள் உள்ளங்கையில் வடத்தின் நார் கீறிய கோடு இன்னும் இருந்தது.

5

பொதுக்கூட்டத்தன்று நல்ல மழை. கழகக் கூடத்தில் நாற்காலி போதாமல் சிலர் பாய்மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். வாக்கில்லாத இளையவர்கள் பின்வரிசையில். குழலியும் அங்கே.

மேகன் பேசினாள். கிரஹாம் பேசினார். அவள் எதையெல்லாம் மாற்றலாம் என்று சொல்லச் சொல்ல, அவர் பக்கம் முகங்கள் இறுகின. அவர் அய்யாவைப் பற்றிச் சொன்னபோது மேகன் பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இப்படியே கையைத் தூக்கச் சொன்னால் தோற்றுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. தோற்றால் குழலி போய்விடுவாள். ஜெயித்தாலும், கிரஹாமும் அவரைச் சேர்ந்தவர்களும் படகை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எழுந்தேன்.

“எதை மாற்றலாம் என்று பேசுகிறோம். எதை மாற்றவே கூடாது என்று முதலில் முடிவு செய்வோமா?” என்றேன். பிறகு எங்கள் தேரைப் பற்றிச் சொன்னேன். தேரென்றால் என்னவென்று சொல்லவே பாதி நேரம் போயிற்று. சக்கரத்தில் ஓடுகிற கோபுரம், நூறு பேர் கயிற்றால் இழுக்கவேண்டும் என்றேன். “நூறு பேரா? இங்கன பத்துப் பேரு சேரமாட்டேங்கானே!” என்றார் கிரஹாம். சிரிப்பு எழுந்தது. அது நல்லதாயிற்று.

“வெளிவடிவம், பாய், எடை. இந்த மூன்றும் அப்படியே இருக்கட்டும். உள்ளே தளத்தை உயர்த்திக்கொள்ளலாம், பின்னால் திறந்துகொள்ளலாம். புதிதாகச் செய்கிறவர் எதில் வேண்டுமானாலும் செய்யட்டும். ஆனால் பழைய படகின் எடைக்குக் குறைந்தால், குறைகிற அளவுக்கு ஈயத்தைக் கட்டிக்கொண்டுதான் ஓடவேண்டும். மாற்ற விரும்பாதவர் மாற்றவேண்டாம். கவிழாதவரைக்கும் எல்லாரும் சமம்.”

“கவுந்தா?” என்றார் கிரஹாம்.

“கவிழ்ந்தால் நான் வாளியோடு வருகிறேன்.”

அவர் தேநீர்க் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டார். “எங்கய்யா படக எவனும் ஈயம் கட்டாம முந்த முடியாது. அப்படித்தான?”

“அப்படித்தான்.”

மேகன் அதை அங்கேயே திருத்தமாக எழுதி வாசித்தாள். கைகள் எழுந்தன. எண்ணி, மறுபடி எண்ணி, தேறியது என்று அறிவித்தார்கள். மயிரிழையில்தான். கிரஹாம் ஆதரவாகவும் தூக்கவில்லை, எதிராகவும் தூக்கவில்லை. இரண்டு கையாலும் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னால் கேட்கிற நாலைந்து பேர் அந்தக் குவளையைப் பார்த்துவிட்டுத் தங்கள் விருப்பம்போல் கையைத் தூக்கினார்கள்.

வெளியே வந்ததும் அவர் என் தோளில் தட்டினார். “எம் படகுல ஒருத்தனும் கைவைக்கப்படாது. ஆனா ஒம்ம கோழியில ஓட்டை போட எனக்கு ரொம்ப நாளா ஆசை வே. அறுக்குத வாள நான் கொண்டாரேன்.”

6

பனிக்காலம் முழுக்கக் கோழி எங்கள் வாகனக் கொட்டகையில் கிடந்தது. நான், குழலி, கிரஹாம் மூவருமாக உள்தளம் போட்டோம். பின்பலகையில் ‘கோழி’க்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, கிரஹாம் வாளால் திறந்தார். எழுத்தில் ஒரு கீறல் விழவில்லை. முதல் துண்டுப் பலகை கீழே விழுந்தபோது, “மன்னிச்சிரும்மா,” என்று படகிடம் சொன்னார்.

சித்திரை பிறந்த ஞாயிற்றுக்கிழமை ஏரியில் இறக்கினோம். உங்களுக்கு அங்கே வெயில் கொளுத்தியிருக்கும். இங்கே சாரல், நல்ல காற்று. படகில் ஏறப் போனவனைக் குழலி நிறுத்தினாள்.

“நீங்க முன்னாடி உக்காருங்க, அப்பா. நான் ஓட்டுறேன்.”

சுக்கான் இத்தனை வருஷமும் என் கையில்தான் இருந்தது. முன்னால் போய் உட்கார்ந்தேன்.

நடு ஏரிக்குப் போனதும் வேண்டுமென்றே கவிழ்த்தாள். தண்ணீர் குற்றாலத்துக்கு அண்ணன் முறை, ரத்தம் உறைந்தது. நான் மூச்சு வாங்குவதற்குள் அவள் அடிப்பலகை மேல் ஏறிச் சாய்ந்திருந்தாள், வடம் பிடித்த அதே சாய்வில். கோழி நிமிர்ந்தது. என்னையும் உள்ளே இழுத்துப் போட்டாள். பாய் காற்றைப் பிடித்துப் படகு நகர்ந்ததும், பின்னால் இரண்டு திறப்பு வழியாகவும் தண்ணீர் சோவென்று கொட்டியது.

“ஐந்தருவி!” என்று கத்தினாள். “இல்ல, ரெண்டருவி!”

கரையில் எங்கள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் கிரஹாம் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். நான் அவரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தபோது காற்று பக்கம் மாறியது. எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

“அப்பா, குனி!”

குனிந்தேன்.